மூணாம் நம்பர் பெட்டி

சிவப்புக் கம்பியை மேல் முனையில் பற்றவைத்தோமா, கீழ் முனையிலா என்ற ஒரே கேள்வியை, நாகப்பட்டினத்தில் ஸ்கூட்டரைக் கிளப்பியதிலிருந்து மங்கையர்க்கரசி வாய்க்குள் அகப்பட்ட புளியங்கொட்டை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டே வந்தாள். பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி சாயங்காலம். மூணாம் நம்பர் பெட்டியில் அணில் கடித்துப் போட்டிருந்த கம்பி. டெக்னீஷியன் லீவில் இருந்தார், மறுநாள் வரட்டும் என்று விட்டிருக்கலாம், விடவில்லை, ஒரு நாள் பதிவு விட்டுப்போகக் கூடாது என்ற பிடிவாதம். குழிக்குள் தலையை விட்டுக் குப்புறப் படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தைக் கொசு பிடுங்கத் தானேதான் பற்றவைத்தாள். ஈயம் உருகிய வாசனை ஞாபகம் இருக்கிறது. விரல் நுனி சுட்டது ஞாபகம் இருக்கிறது. அந்தக் கொல்லைக்குச் சொந்தக்காரி தைலம்மை வீட்டு டிவியில் யாரோ ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. சிவப்பு எந்தப் பக்கம் போனது என்பது மட்டும் இல்லை. இருபத்தோரு வருஷ சர்வீஸில் எத்தனை கம்பி பற்றவைத்திருப்பாள், ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, கை தானாகச் சரியாகச் செய்யும் என்று நம்பித்தான் வண்டி ஓடுகிறது. கையை நம்பலாமா? எல்லாருடைய கையையும்? அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு வழுக்கி வேறு பக்கம் போகப் பார்த்தது. அவள் விடவில்லை. சிவப்பு, கறுப்பு. மேலே, கீழே. மணி பத்தேகால். உப்பளத்துப் பாத்திகள் இடது பக்கம் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தன, வலது பக்கம் கருவேலம் முள், நடுவில் மேடும் பள்ளமுமாகத் தார்ச்சாலை. கருவைத்துறைக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். இரண்டு மணிக்கு மேலதிகாரி தியோடர் சார் கூப்பிடுவார். மூன்று மணிக்கு மீனவர் மண்டபத்தில் ஊர்க்கூட்டம். அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

அவள் வேலையை யாராவது கேட்டால் சொல்வதற்குச் சங்கடமாக இருக்கும், ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதுவதுதான் என் வேலை என்று சொல்லிச் சிரிப்பாள். கருவைத்துறைக்கு நேராகக் கடலுக்குள் பதினெட்டு கிலோமீட்டர் போனால், அங்கே கடல்தரைக்கும் கீழே இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் உப்புத்தண்ணீர் ஊறிய மணற்பாறை ஒன்று படுத்திருக்கிறது. அனல்மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, அழுத்தி, அந்தப் பாறைக்குள் இறக்கிப் பூட்டிவைக்க முடியுமா என்று ஒரு திட்டம். இன்னும் ஒரு சொட்டு இறக்கவில்லை. இறக்குவதற்கு முன்னால் அந்தப் பூமி தன்பாட்டுக்கு எப்படி இருக்கிறது, அசைகிறதா, அசையாமல் கிடக்கிறதா என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். நாளைக்கு இறக்கிய பிறகு ஏதாவது அசைந்தால், இது முன்பே இருந்ததா, நாம் கிளப்பிவிட்டதா என்று சொல்ல வேறு வழி கிடையாது. அதற்காகக் கரையோரம் நாற்பது கிலோமீட்டருக்கு ஏழு இடத்தில் குழி தோண்டி, சிமெண்ட் மேடை போட்டு, நில அதிர்வை வாங்கும் சென்சாரை அதன்மேல் உட்காரவைத்திருந்தாள். ஊர்க்காரர்களுக்கு அது பெட்டி, அவள் பெட்டிக்காரம்மா. இரண்டு வருஷமாகப் பெட்டிகளில் விழுந்தது எல்லாம் அலை, ஐஸ் லாரி, திருவிழா வெடி, படகு என்ஜின், ஒரு தடவை மூணாம் நம்பர் குழி மூடிமேல் ஏறி நின்ற ஆடு. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துக் கழித்துவிட்டு மிச்சம் அமைதி என்று எழுதிக்கொண்டே வந்தாள். பிப்ரவரி இருபத்தொன்று, காலை ஐந்து நாற்பத்தேழு வரைக்கும். ஏழில் நாலு பெட்டியில் ஒரே ஒரு சின்னத் துடிப்பு. அளவு ஒன்று புள்ளி எட்டு, யாருக்கும் உறைக்காத அளவு. ஆனால் கணக்குப் போட்டால் அது வந்த இடம் கடலுக்குள், பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, கிட்டத்தட்ட அந்தப் பாறைக்கே போய் நின்றது.

தியோடர் சார் நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டிருந்தார். குரலில் கடுமை எதுவும் இல்லை, அவருக்குக் கடுமையாகப் பேச வராது. பெட்டியைப் புதைக்கக் கற்றுக்கொடுத்தவர், ஆந்திராவில் ஒரு மலையடிவாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். "அரசி, அந்த ஒண்ணு மட்டும் அறிக்கையில தொங்குது பாருங்க. காரணம்னு இருக்கிற கட்டத்துல மனிதச் செயல்னு போட்டுடுங்க. ஏதோ ஒரு சர்வே கப்பல் வெடி போட்டிருக்கும்." எந்தக் கப்பல் சார் என்று அவள் கேட்கவில்லை. அவரே தொடர்ந்தார். "இந்த இடம் தள்ளிப்போனா அடுத்த இடம் பார்த்து முடிக்க ஆறு வருஷம். அதுவரைக்கும் புகை காத்திருக்குமா? உங்களுக்கும் இந்தத் திட்டத்துல நம்பிக்கை உண்டுதானே?" உண்டு. அதுதான் கஷ்டம். நம்பிக்கை இல்லாதவளாக இருந்தால் எளிது, இயற்கை என்று எழுதிவிட்டு, அநியாயத்தை எதிர்த்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்விடலாம். வருஷா வருஷம் இந்தக் கடல் சூடாகிக்கொண்டு வருவதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். புகையை எங்கேயாவது புதைத்துத்தான் ஆக வேண்டும். பார்க்கிறேன் சார் என்று சொல்லி வைத்துவிட்டு மறுபடி அந்த நாலு பெட்டிப் பதிவுக் கோடுகளையும் திறந்தாள். வெடி என்றால் பூமியை எல்லாத் திசையிலும் வெளியே தள்ளும், எந்தப் பெட்டியானாலும் கோடு முதலில் மேலே ஏறும். பாறை தானாக நழுவினால் ஒரு பக்கம் தள்ளும், இன்னொரு பக்கம் இழுக்கும், சிலதில் ஏறும், சிலதில் இறங்கும். ஒன்று, நாலு, ஆறாம் நம்பர் பெட்டிகளில் ஏற்றம். மூணாம் நம்பரில் மட்டும் பளிச்சென்று இறக்கம். இது வெடி இல்லை என்று அவள் நினைப்பதற்கு இருந்த ஒரே பிடி அந்த இறக்கம்தான். அப்புறம்தான் அணில் ஞாபகம் வந்தது. பற்றவைத்தது பத்தொன்பது, துடித்தது இருபத்தொன்று. கம்பி இடம் மாறியிருந்தால் இறக்கம் என்று காட்டுவது உண்மையில் ஏற்றம். தூரத்துப் பெரிய பூகம்பம் ஏதாவது அதற்குப் பிறகு தெளிவாகப் பதிந்திருந்தால் மற்ற பெட்டிகளோடு ஒப்பிட்டு ஆபீஸிலேயே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம், வந்த இரண்டும் அலை இரைச்சலில் அமுங்கிப்போயின. ஆகவே நேரில்தான் போக வேண்டும். போய்ச் சென்சாரின் தலையில் விரலால் ஒரு தட்டு. கம்பி சரியாக இருந்தால் கோடு முதலில் கீழே இறங்கும். மாறியிருந்தால் மேலே ஏறும். அவ்வளவுதான். எதை எதிர்பார்க்கிறாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். எது வந்தாலும் வந்ததை எழுதுவது, அதில் மட்டும் இன்றைக்கு மாற்றம் இல்லை என்று ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினாள்.

முறுக்கிய கையைப் பார்த்ததும் வீட்டுக்காரர் கை நினைப்பில் வந்துவிட்டது. வராமல் எத்தனை நேரம் தள்ளிவைக்க முடியும். குஞ்சிதபாதம், அவள் கணவர், இருபத்தாறு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர், மாயவரம் டெப்போவில் பாதம் அண்ணன் என்றால் எல்லாருக்கும் தெரியும், இப்போது அதே டெப்போவில் ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ் போகிற வருகிற நேரத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறார், அதுவும் இடது கையால், வலது கை நடுங்குவதால். ஜனவரியில் தஞ்சாவூர் நரம்பு டாக்டரிடம் போனார்கள். சின்ன வயசு டாக்டர், பொறுமையாகத்தான் கேட்டார், எப்போதிலிருந்து நடுக்கம் என்று.  குஞ்சிதபாதம் அவளைப் பார்த்தார், அவள் டாக்டரைப் பார்த்தாள். நடுக்கத்தை அளப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவள், குழி மூடிமேல் ஆடு நின்றதைக்கூட நொடிக் கணக்கில் சொல்கிறவள், ஒரே படுக்கையில் ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கிற கை என்றைக்கு ஆடத் தொடங்கியது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த டாக்டர் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்த விதம், தெரியாது என்றால் இவள் என்ன பெண்டாட்டி என்று அந்தப் பேனாவே நினைத்துவிடும் போல இருந்தது. "தீபாவளியிலேர்ந்து டாக்டர்" என்றாள். தீபாவளி, அப்போ மூணு மாசம் என்று அவர் எழுதிக்கொண்டார். எழுதிய சத்தம்கூடக் கேட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் வெளியே பார்த்துக்கொண்டே, தீபாவளியா என்றார், அவ்வளவுதான். அந்த மூணு மாசத்தை வைத்துத்தான் அதற்குப் பிறகு எல்லாம், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எவ்வளவு வேகமாக முற்றுகிறது என்ற கணிப்பு. அவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல் பச்சை நிற ஃபைலுக்குள் உட்கார்ந்து ஒரு மனுஷன் உடம்பை ஆண்டுகொண்டிருக்கிறது.

தைலம்மை வீட்டுக் கொல்லையில் வலை விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தது. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு அரசி நுழையும்போதே நெத்திலி வாசனையும் வெயிலும் சேர்ந்து மூக்கில் ஏறின. தைலம்மைக்கு ஐம்பது வயது இருக்கும், கணவனும் மகனும் கடலுக்குப் போகிறவர்கள், கருவாடு யாவாரம் இவளுடையது. கொல்லையில் ஒரு மூலையைப் பெட்டிக்கு விட்டுக்கொடுத்த நாளிலிருந்து அந்த மூலை கருவாடு காயப்போட உதவாமல் வீணாகிவிட்டதாக ஒரு குறை அவளுக்கு உண்டு. காக்கை விரட்டுகிற குச்சியோடு எழுந்து வந்தாள். "வாங்க பெட்டிக்காரம்மா. என்னா, கெட்டுப்போச்சா?" என்றாள். "கெடல அக்கா, ஒரு சோதனை" என்று சொல்லி அரசி செருப்பைக் கழற்றினாள். கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்று வரும் வழியிலேயே யோசித்திருந்தாள், நாமே பதிலை எடுத்து நீட்டிவிடக் கூடாது. "போன மாசம் இருபத்தோராம் தேதி விடியக்காலம் இந்தப் பக்கம் என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கா?" தைலம்மை குச்சியை மறு கைக்கு மாற்றினாள். "இருக்கே. அன்னிக்கு ஸ்டிரைக்கு. நம்ம ஆளுவள இலங்க நேவி புடிச்சி வச்சிருந்துச்சுல்ல, அதுக்காவ ஒரு போட்டும் போவல. ஐஸ் கம்பெனியும் சாத்திக் கெடந்துச்சு. லாரி ஒண்ணு வரல. சனமெல்லாம் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குச்சு." அரசிக்குள் எதுவோ நேராக நிமிர்ந்து உட்கார்ந்தது. என்ஜின் இல்லை, லாரி இல்லை. இரண்டு வருஷத்திலேயே அமைதியான விடியல், அதனால்தான் அவ்வளவு சின்னது காதில் விழுந்திருக்கிறது. அப்படியானால் மற்ற நாட்களில்? மற்ற நாட்களிலும் துடித்து, லாரிக்கு அடியில் அமுங்கிப்போயிருக்குமோ? அமைதி என்று அவள் எழுதிய எழுநூறு நாளும் ஒரு கணம் ஆடிவிட்டு நின்றன.

"ஏதாவது ஆட்டம், சத்தம் தெரிஞ்சுதா அக்கா?" என்றாள்.  "நான் என்னா சொல்லணும்?" என்று தைலம்மை கேட்டாள், கிண்டலாக இல்லை, விவரம் கேட்கிற மாதிரி. "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நடந்ததைத்தான் கேக்கறேன்." "இல்ல, சிங்காரவள்ளி வந்தா முந்தா நாளு. தைலம்மே, பரண்ல இருந்த குண்டான் உருண்டு வுழுந்துச்சுன்னு கூட்டத்துல சொல்லுன்னா. நேத்து ஒங்க கம்பெனி ஆளு ஒருத்தரு வந்தாரு, ஒண்ணும் தெரியலன்னு சொல்லும்மான்னாரு. இப்ப நீங்க வந்திருக்கீங்க. அதான் கேக்கறேன்." சிங்காரவள்ளியை அரசிக்குத் தெரியும், மீனவப் பெண்கள் சங்கத்துத் தலைவி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தவள், இரண்டாயிரத்து நாலு சுனாமித் தண்ணீருக்கு இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். கடலுக்கு அடியில் யாராவது எதையாவது செய்கிறோம் என்றால் அவளுக்கு அந்தச் சுனாமிக் காலைநேரம்தான் ஞாபகம் வரும். குண்டான் உருண்டது என்று அவள் சொல்லச் சொன்னதைப் பொய் என்று கோபிக்க அரசிக்கு வாய் வரவில்லை. "நெசத்துக்கு என்ன அக்கா நடந்துச்சு?" "நெசத்துக்கு நான் தூங்கிட்டுக் கெடந்தேன்" என்றாள் தைலம்மை. "அப்புடித் தூங்குறது வருசத்துல என்னிக்கோ ஒருநா. அன்னிக்கும் என்னைய எழுப்பிவுட்டு என்னா நடந்துச்சுன்னு கேட்டா?" சொல்லிவிட்டு ஒரு காக்கையை நோக்கிக் குச்சியை வீசினாள்.

குழியின் மூடியைத் தூக்கினால் உள்ளே ஈர மண் வாசனை, ஒரு மரவட்டை, மேடைமேல் எவர்சில்வர் டம்ளர் அளவுக்குச் சென்சார். மட்டம் காட்டுகிற குமிழி நடுவில் நிற்கிறது, மேடையில் விரிசல் இல்லை, பேட்டரி சரி. இவ்வளவு சரியாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை, தப்பு இருந்தால் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும் என்று ஆகிவிடுகிறது. லேப்டாப்பைக் கருவாட்டுக் கூடைமேல் வைத்து, வெயில் மறைக்கத் துப்பட்டாவை அதன்மேல் போர்த்தி, தலையை உள்ளே நுழைத்துக்கொண்டாள். திரையில் கோடு ஓடியது. அலை ஒவ்வொன்றும் கரையில் விழுவது மெல்லிய ஊசலாக வந்தது, அதன்மேல் தைலம்மை நடப்பது சின்னச் சின்ன முள்ளாக. "அக்கா, ஒரு நிமிஷம் நடக்காம நில்லுங்க." முள் நின்றது. வலது கையைக் குழிக்குள் விட்டாள். விரல் சென்சாரின் தலைக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது. நின்றபடியே நின்றது. இது இறங்கினால் இறக்கம் உண்மை, பாறைதான் நழுவியிருக்கிறது என்று சார் முகத்துக்கு நேரே சொல்லலாம், அதில் ஒரு கம்பீரம்கூட உண்டு. ஏறினால் தப்பு என்னுடையது, இருபத்தோரு வருஷத்துக் கை, பல்லில் கடித்த டார்ச், ஒரு நாள் பதிவு விட்டுப்போகக் கூடாது என்ற பெருமை, எல்லாம் சேர்ந்து செய்த தப்பு, அதோடு என் ஒரே பிடியும் போகும். யாருக்கும் தெரியாது. தட்டாமலே மூடியைப் போட்டுவிட்டுப் போனால் இந்தக் கொல்லையில் யாருக்கும் தெரியாது, தெரிகிற ஒரே ஆள் நான், நானும் தெரிந்துகொள்ளவில்லை என்றால் பொய் சொன்னதாகவும் ஆகாது. தீபாவளி என்று சொன்னபோதும் பொய் சொல்வதாகத் தோன்றவில்லையே, ஏதோ ஒரு தேதியைக் கொடுத்து அந்தப் பேனாவைக் கீழே இறக்கினால் போதும் என்றுதானே இருந்தது. விரல் கொஞ்சம் நடுங்கியது. இது வேறு நடுக்கம் என்று அதற்குச் சொன்னாள். தட்டினாள்.

ஏறியது. மறுபடி தட்டினாள். ஏறியது. இன்னும் ஒரு தட்டு, ஆத்திரத்தோடு, அதற்கு அது இன்னும் உயரமாக ஏறியது. துப்பட்டாவுக்குள் சூடாக இருந்தது, மூச்சும் கருவாடும் கலந்து. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. தட்டுகள் மூன்றையும் நேரம் போட்டுச் சேமித்தாள். இணைப்பைக் கழற்றிப் படம் எடுத்தாள், சிவப்பு கீழே, கறுப்பு மேலே, அவள் வைத்த ஈயப் பொட்டு பளபளவென்று. பிரித்து, மாற்றிப் பற்றவைத்து, தட்டிப் பார்த்தாள். இறங்கியது. அதையும் படம் எடுத்தாள். அப்படியென்றால் நாலிலும் ஏற்றம். நாலிலும் ஏற்றம் என்றால் வெடி, சார் சொன்னதே சரி, மனிதச் செயல் என்று கட்டத்தை நிரப்பிவிட்டு இரண்டு மணிக்கு முன்னாலேயே அனுப்பிவிடலாம், எல்லாருக்கும் நிம்மதி. நினைப்பு அந்த நிம்மதிமேல் சாய்ந்து உட்காரப் போனது, உட்காரவில்லை. நாலு பெட்டியும் எங்கே இருக்கிறது? கரையில். துடிப்பு எங்கே? கடலுக்குள். நாலும் ஒரே பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்கு முன்னால் நாலு பேர் நின்றுகொண்டு வாசல் திறந்திருக்கிறது என்றால், கொல்லைக் கதவைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? அந்தப் பக்கம், கடல் பக்கம், ஒரு பெட்டியாவது இருந்து அதுவும் ஏற்றம் என்று சொன்னால்தான் வெடி. அங்கே இறங்கியிருந்தால் நழுவல். அங்கே ஒன்றுமில்லை, தண்ணீர்தான். துடிப்பு வந்த ஆழமும் அப்படித்தான், இரண்டரை என்பது ஒன்றாகவும் இருக்கலாம், நாலாகவும் இருக்கலாம். நேற்று வரைக்கும் அவள் இயற்கை என்று நினைத்ததற்கும் ஆதாரம் இல்லை, சார் வெடி என்பதற்கும் இல்லை. தெரியாது. அந்தச் சொல் இந்தத் தடவை நாக்கு நுனியில் நின்று தயங்கவில்லை. வெயிலில் உட்கார்ந்து அதைச் சத்தமாகவே சொல்லிப் பார்த்தாள். "என்னா தெரியாது?" என்றாள் தைலம்மை, ஒரு சொம்பு தண்ணீரை நீட்டியபடி. வாங்கி முழுக்கக் குடித்தாள்.

பூவரச மரத்து நிழலுக்கு நகர்ந்து டெப்போவுக்குப் போன் போட்டாள். குஞ்சிதபாதம் எடுத்தபோது பின்னால் ஒரு பஸ் உறுமிக்கொண்டிருந்தது. "சாப்டீங்களா?" "இன்னும் இல்ல. என்ன இந்த நேரத்துல?" என்றார். எப்படித் தொடங்குவது என்று யோசிக்காமல் கேட்டுவிட்டாள். "கை எப்போ ஆரம்பிச்சுது? நெஜமா எப்போ?"  ஒரு கதவு சாத்துகிற சத்தம், உறுமல் குறைந்தது. "எனக்கே தெரியாது அரசி" என்றார். "வண்டியில ஏறி ஸ்டியரிங்கைப் புடிச்சா வண்டியே நடுங்கும். எது வண்டி நடுக்கம், எது என் நடுக்கம்னு யாரு பார்த்தா? ஆடிப்பெருக்குக்கு முன்னாடி ஒருநாள், லீவுல, டம்ளரைத் தூக்கறப்போ தளும்புச்சு. அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஆரம்பிச்சது அன்னிக்குத்தானான்னு கேட்டா, தெரியாது." "ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?" "நீதான் சொல்லிட்டியே" என்றார். அதில் குற்றம் எதுவும் இல்லை, அதனால் இன்னும் வலித்தது. "வெள்ளிக்கிழமை போறோம். தீபாவளின்னு நான் சொன்னது தப்பு, ஒரு வருஷமாகூட இருக்கலாம், எங்களுக்குத் தெரியாதுன்னு நானே சொல்றேன்" என்றாள். சரி என்றார். வைக்கப்போனவர், "உன் வேலை என்னாச்சு?" என்று கேட்டார். "கம்பியை மாத்தி வச்சிருந்தேன்." "யாரு, நீயா?" "நான்தான்." அவர் சிரித்தார், பல மாதமாகக் கேட்காத சிரிப்பு, அவளுக்கும் லேசாக வந்தது.

இரண்டு மணிக்கு தியோடர் சார் சொன்னபடி கூப்பிட்டார். அவள் நின்றுகொண்டே பேசினாள். கம்பி மாறியிருந்ததை முதலில் சொன்னாள், யார் மாற்றியது என்பதையும். அவர் மூச்சு இளகுவது போனிலேயே தெரிந்தது. "அப்போ நாலும் ஏற்றம். சரிதான். கட்டத்துல போட்டுடுங்க அரசி." "போட மாட்டேன் சார். நாலும் கரையில இருக்கு. அதை வச்சு வெடின்னு சொல்ல முடியாது, இயற்கைன்னும் சொல்ல முடியாது." "அந்தக் கட்டத்துல இருக்கிறது ரெண்டே பதில்தான்." "மூணாவதா ஒண்ணு சேர்த்திருக்கேன். காரணம் தெரியவில்லை. கடல்தரையில அந்தப் பக்கம் மூணு பெட்டியாவது வச்சு, குறைஞ்சது இன்னொரு வருஷம் பார்க்காம எதையும் இறக்கக் கூடாதுன்னும் எழுதியிருக்கேன். என் தப்பையும் படத்தோட சேர்த்திருக்கேன். பத்து நிமிஷம் முன்னாடி உங்களுக்கும் அனுப்பிட்டேன், பரிசீலனைக் குழுவுக்கும் அனுப்பிட்டேன்."  அவருக்கு அறுபத்துமூன்று வயது, அடுத்த வருஷம் வாயுவை இறக்கும் கிணறு தோண்டுவதைப் பார்த்துவிட்டு ஓய்வு பெறலாம் என்றிருந்தவர் என்பது அவளுக்குத் தெரியும். கஞ்சி வைத்துக் கொடுத்த கை. "தெரியலன்னு எழுதறது நம்ம வேலை இல்ல அரசி" என்றார் கடைசியில், களைத்துப்போன குரலில். "தெரியாததை எழுதறதும் இல்ல சார்." "சரி. மூணு மணிக்கு அந்த ஊர்க்கூட்டத்துக்கு நான் வேற ஆளை அனுப்புறதா இருந்தேன். வேணாம். நீங்களே போய்ச் சொல்லுங்க, நமக்குத் தெரியலன்னு." தண்டனையாகச் சொன்னாரா, வேறு எதையாவது நினைத்துச் சொன்னாரா என்று அப்போது அவளுக்குப் பிடிபடவில்லை. போகிறேன் என்றாள்.

மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கும். ஃபேன் மூன்றில் ஒன்று சுற்றவில்லை. ஆண்கள் சுவரோரம் நின்றார்கள், பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், முதல் வரிசையில் சிங்காரவள்ளி, மடியில் ஒரு நீள நோட்டு. மைக் வேண்டாம் என்று அரசி கையை ஆட்டினாள். சொல்ல வேண்டியது மூன்றே வரி, மூன்றும் அவளுக்குத் தெரிந்தவை. போன மாசம் இருபத்தொன்று காலை கடலுக்கு அடியில் ஒரு சின்ன அசைவு வந்தது உண்மை. அது யாரையும் எதுவும் செய்கிற அளவு இல்லை. ஏன் வந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சுவரோரத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். பெட்டியில் ஒரு கம்பியை நானே மாற்றிவைத்திருந்தேன், இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன் என்பதையும் சொன்னாள், முணுமுணுப்பு நின்றது. சிங்காரவள்ளி எழுந்தாள். "தெரியலன்னு சொல்றதுக்கா ரெண்டு வருசம் எங்க கொல்லையெல்லாம் தோண்டுனீங்க?" "ஆமாங்க. தெரியலன்னு தெரியறதுக்கே ரெண்டு வருசம் ஆச்சு. தெரியுற வரைக்கும் அடியில எதையும் இறக்கக் கூடாதுன்னு எழுதி இன்னிக்கு அனுப்பியிருக்கேன். அதைக் கேப்பாங்களா மாட்டாங்களான்னு என்னால சொல்ல முடியாது. எழுதினது நான், எம்பேரு அதுல இருக்கு." சிங்காரவள்ளி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், இந்த முகத்தில் எந்த இடத்தில் பொய் இருக்கும் என்று தேடுகிற பார்வை, அரசி அதற்குத் தன் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் நோட்டைப் பிரித்து, பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். "எப்பத் தெரியும்? தேதி சொல்லுங்க, எழுதிக்கறேன்." பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. மண்டபம் முழுக்க அந்தப் பேனாவைப் பார்த்தது. ஒரு வருஷம், அடுத்த மாசி என்று ஒரு பதில் தொண்டைவரை ஏறி வந்தது, சொன்னால் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அரசி அதை விழுங்கினாள். "தேதி எனக்குத் தெரியாது" என்றாள்.  சிங்காரவள்ளி குனிந்து, அந்த வார்த்தைகளை அப்படியே, ஒவ்வொரு எழுத்தாக, நோட்டில் எழுதத் தொடங்கினாள். அவள் எழுதி முடிக்கிறவரை அரசி உட்காரவில்லை, அடுத்த கேள்விக்காக நின்றுகொண்டிருந்தாள்.